நாகையிலிருந்து காரைக்கால் வரை: தகடு வளைத்தவர்களின் வரலாறு

மலர்க்குழு நண்பர் போனில் கூப்பிட்டு, "நீதான் ஏதோ எழுதுவியே, நம்ம மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை குடுடா" என்றார். காரைக்கால் அம்மையார், மாங்கனித் திருவிழா, 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து இந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த கதை இவற்றையெல்லாம் எழுதத் தகுதி வாய்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நானோ மெக்கானிக்கல் ஆசாமி. எனக்குத் தெரிந்தது தகடு. ஆகவே தகடு வளைக்கும் மெஷினில் நிற்கிற ஆபரேட்டரின் தொழில் இந்தக் கடற்கரையில் என்னென்ன பாடு பட்டது என்பதை என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் எழுதுகிறேன். நடுவில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் வரும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலாண்டு ஒர்க்‌ஷாப் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். காக்கிச் சட்டை, கையில் தகரக் கத்தரி, கொட்டாப்புளி. ஜி.ஐ. தகட்டில் ஒரு தட்டு செய்து காட்ட வேண்டும். நான் செய்த தட்டின் நான்கு மூலைகளும் நான்கு திசைகளைப் பார்த்தன. பயிற்றுநர் அதைத் தூக்கிப் பார்த்து, "இது தட்டா தம்பி, தாமரைப் பூவா?" என்றார். சிரித்துவிட்டு மார்க் போட்டுவிட்டார். தகடு வளைப்பது அவ்வளவுதான் என்ற நினைப்போடு நான் பட்டம் வாங்கி வெளியே வந்தேன்.

பிறகு காரைக்கால் பகுதியிலேயே ஒரு தொழிற்சாலையில் பயிற்சி எஞ்சினியராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மின்சாரப் பானல் பெட்டிகள் செய்கிற இடம். அங்கே பெண்டிங் மெஷினில் ஒரு பெரியவர் இருந்தார், ஐம்பதைத் தாண்டியவர். கடையெல்லாம், கம்பெனியெல்லாம் அவரை 'பெண்டிங் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். வலது கை ஆள்காட்டி விரலில் முதல் கணு இருக்காது. சேர்ந்த வாரமே அவரிடம் ஒரு வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். 2 மி.மீ. தகடு, வெளி அளவு 50க்கு 50 வரும்படி ஓர் ஆங்கிள். "தகட்டை நூறு மி.மீ. அகலத்துக்கு வெட்டச் சொல்லிட்டேன் அண்ணே" என்றேன், பெருமையாக.

"நூறு வேணாம் தம்பி. தொண்ணூத்தாறு வெட்டச் சொல்லுங்க. மடிக்கும்போது மீதிய தகடே குடுக்கும்."

ஐம்பதும் ஐம்பதும் நூறு என்பது கணக்கு வாத்தியார் சொன்னது. தகடு வேறு கணக்குப் போடுகிறது. வளைகிற இடத்தில் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நசுங்கும், நடுவே எங்கோ ஓர் அடுக்கு மட்டும் நீளாமலும் குறுகாமலும் இருக்கும். அந்த அடுக்கின் நீளம்தான் உண்மையான நீளம். நாம் பரீட்சைக்கு ஒரு வாய்பாடாக மனப்பாடம் செய்து, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்தது இதைத்தான். நான் அன்று இரவு நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்: 96.25 வந்தது! அவர் வழி சுலபமானது. ஒரு வளைவுக்குத் தகட்டின் கனத்தைப் போல இரண்டு மடங்கு கழி, அவ்வளவுதான். மீதி கால் மில்லியை டை அகலத்தில் பார்த்துக்கொள்வார்.

மெஷினைப் பற்றித் தெரியாத மற்றத் துறை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கீழே 'வி' வடிவப் பள்ளம் வெட்டிய நீளமான டை. மேலே கத்தி போன்ற பஞ்ச். இடையே தகட்டை வைத்து, பின்னாலிருக்கும் ஸ்டாப்பரில் முட்டக் கொடுத்து, காலால் பெடலை மிதித்தால் பஞ்ச் இறங்கித் தகட்டைப் பள்ளத்துக்குள் தள்ளும். ஆங்கிலத்தில் இதற்குப் 'பிரஸ் பிரேக்' என்று பெயர். வண்டியை நிறுத்துகிற பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளத்தின் அகலம் தகட்டுக் கனத்தைப் போல எட்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். 2 மி.மீ. இரும்புத் தகட்டை 16 மி.மீ. பள்ளத்தில் வளைக்க ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 16 டன் அழுத்தம் வேண்டும். அதே கனத்தில் எவர்சில்வர் என்றால் அதைப் போல ஒன்றரை மடங்கு.

இது புத்தகத்தில் இருப்பது. புத்தகம் முடிகிற இடத்தில்தான் ஆபரேட்டர் ஆரம்பிக்கிறார். தகட்டைத் தொண்ணூறு பாகைக்கு வளைத்து விட்டால் அது தொண்ணூறில் நிற்காது, கொஞ்சம் திரும்பி வரும். இரும்பு ஒரு பாகை வரும், எவர்சில்வர் இரண்டு மூன்று வரும். எந்த ஆலைத் தகடு, எந்த லாட், எவ்வளவு திரும்பும் என்பதை முதல் துண்டிலேயே பிடித்து, அவ்வளவு கூடுதலாக வளைக்க வேண்டும். உருட்டிய திசைக்கு இணையாக மடித்தால் வெளிப்புறம் வெடிப்பு விடும். குறுக்கே மடிக்க வேண்டும். திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். தகட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். மெல்லிய வரிகள் ஓடின. எனக்கு அது வரையில் தெரிந்ததே இல்லை. இன்னொன்று: மூன்று மீட்டர் நீள மெஷினில் அழுத்தம் வரும்போது படுக்கையே நடுவில் கொஞ்சம் தொய்யும். ஓரம் தொண்ணூறு, நடுவில் தொண்ணூற்றொன்று என்று நிற்கும். அண்ணன் பழைய காலண்டர் தாளைக் கிழித்து நடு டைக்கு அடியில் மடித்து வைப்பார். எத்தனை மடிப்பு என்பது அன்றைய தகட்டைப் பொறுத்தது. பெட்டி மாதிரியான வேலைகளில் எந்தப் பக்கத்தை முதலில் மடிப்பது என்பது ஒரு சதுரங்க ஆட்டம். வரிசை தப்பினால் கடைசி மடிப்புக்குப் பஞ்ச் உள்ளே போக இடம் இருக்காது. இதெல்லாம் போக, வளையும்போது தகட்டின் முன்பக்கம் விசுக்கென்று மேலே எழும்பும். அதைக் கையால் தாங்கிக்கொண்டே போக வேண்டும். முகத்தைக் கிட்டே வைத்தவன் தாடையில் வாங்குவான்.

அந்த விரல் விஷயத்துக்கு வருகிறேன். அவர் இளவயதில் வேறோர் ஊரில் பழைய மெக்கானிக்கல் மெஷினில் வேலை பார்த்தார். அந்த வகையில் பெரிய ஃப்ளைவீல் ஒன்று எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச் கவ்வும், பஞ்ச் கீழே போய் மேலே வந்துதான் நிற்கும். நடுவில் நிறுத்த வழி கிடையாது. பிற்பாடு வந்த ஹைட்ராலிக் மெஷினில் காலை எடுத்தால் நின்றுவிடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு அபாயமான பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. ஆனால் சின்னத் துண்டை மடிக்கையில் கை பஞ்சுக்கு அருகில் போய்த்தானே ஆக வேண்டும்? வேலி போட்டால் தகடு போகாது, போடாவிட்டால் விரல் போகும். கம்பியில்லா வேலி மாதிரி ஒளிக்கதிர்த் தடுப்பு வருகிற வரைக்கும் இதுதான் நிலைமை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்ற கணக்கு. கட்டை விரல் முழுதும் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் என்றால் 14, அதில் ஒரு கணு மட்டும் என்றால் 9. சுண்டு விரல் முழுதுக்கும் 7. அண்ணனுக்குக் கிடைத்தது அந்த ஒன்பது. பெண்டிங் ஆபரேட்டருக்கு ஆள்காட்டி விரல் நுனிதான் பாகைமானி. தகடு ஸ்டாப்பரில் சரியாக உட்கார்ந்ததா என்பதை அதுதான் சொல்லும். அதன் பிறகு நடு விரலால் அந்த வேலையைப் பழகிக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்றாம்.

நிற்க. இந்தத் தொழில் அவருக்குத் தாத்தா வழி வந்தது. "எங்க தாத்தா நாகப்பட்டினம் ரயில் பட்டறையில இருந்தவரு தம்பி. பட்டறைய பொன்மலைக்கு மாத்துனப்ப நின்னுட்டாரு" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அன்று அதை நான் காதில் சரியாக வாங்கவில்லை. பின்னால் வேறொரு காரணத்துக்காகத் தேடிப் படித்தேன். அந்தக் காரணம் பின்னே வருகிறது.

நாகைக்கும் திருச்சிக்கும் இடையே 1861-62இல் ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் ஆரம்பகால ரயில் பாதைகளில் அது ஒன்று. பிற்பாடு தென்னிந்திய ரயில்வே என்றான கம்பெனியின் பட்டறை நாகையில் இருந்தது. கொல்லன் உலைக்களத்திலும் கன்னான் பட்டறையிலும் இருந்த வேலை, நெல்லைத் தவிர வேறு தெரியாத இந்தக் கடற்கரையில் ஒரு பெரிய கூரையின் கீழ் மாதச் சம்பளத்துக்கு வந்தது அப்போதுதான். நம் காரைக்காலுக்கும் 1898இல் பேரளத்திலிருந்து மீட்டர் கேஜ் வந்தது. பிரெஞ்சு மண்ணுக்குள் ஓடினாலும் வண்டியை ஓட்டியது அதே தென்னிந்திய ரயில்வேதான். (அந்தப் பாதை 1987இல் மூடப்பட்டது. 2011 டிசம்பரில் நாகூர் வழியாக மறுபடி ரயில் வரும்வரை நாமெல்லாம் பஸ்ஸில் தொங்கியது உங்களுக்கே தெரியும்.)

ரயில் வந்ததில் பட்டறைக்காரர்களுக்கு ஒரு லாபம் கிடைத்தது: தண்டவாளத் துண்டு! தேய்ந்து கழித்த தண்டவாளத்தில் ஓர் இரண்டடித் துண்டு கிடைத்தால் தகர வேலைக்காரருக்கு அதுதான் பட்டடை, அதுதான் டை, அதுதான் மூலதனம். தலைப்பக்கத்தின் ஓரத்தில் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினால் நேர் மடிப்பு. உருண்டையான மேற்பக்கத்தில் தட்டினால் குழாய் வளைவு. நெல் குதிருக்குப் பதிலாக வந்த தகர டிரம், டிரங்குப் பெட்டி, மரக்கால், மண்ணெண்ணெய் புனல், கூரைத் தண்ணீர் வடியும் தோணி எல்லாம் அந்தத் துண்டின் மேல் பிறந்தவை. அண்ணன் வீட்டிலும் ஒரு துண்டு இருந்தது, தாத்தா காலத்தது.

இங்கே ஒரு வேடிக்கை. மீட்டரை உலகுக்குக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட வருஷங்கள் போக, 1954 நவம்பர் முதல் தேதி வரை இந்த ஊரை ஆண்டவர்களும் அவர்களே. ஆனால் காரைக்கால் பட்டறையில் யாரிடம் கேட்டாலும் தகட்டை இங்கிலீஷ்காரனின் கேஜில்தான் சொல்வார்கள். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 16 என்றால் 1.6, 14 என்றால் 2. எண் ஏற ஏறத் தகடு மெலியும். புதிதாக வந்த எஞ்சினியரை அலற வைக்க இதுவே போதும். எல்லாம் நாகைப் பட்டறைக்காரர்கள் விட்டுப்போன பேச்சு என்று எனக்குத் தோன்றும்.

கதை 1928க்கு வருகிறது. நாகை, போத்தனூர் முதலிய இடங்களில் இருந்த பட்டறைகளை ஒன்றாக்கித் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் புதிதாகக் கட்டிய பெரிய பட்டறைக்குக் கொண்டுபோக ரயில்வே கம்பெனி முடிவு செய்தது. அதோடு ஆயிரக்கணக்கான ஆட்களைக் குறைக்கவும் திட்டம். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது? அதற்கு ஒரு வழி கண்டார்கள். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு திறமைப் பரீட்சை, 'டிரேடு டெஸ்ட்'. இருபது வருஷம் அதே வேலையைச் செய்தவன், அந்த வேலை தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். தொழிலாளிகள் மறுத்தார்கள். பட்டறைகளில் உட்கார்ந்த இடத்தில் வேலையை நிறுத்தினார்கள், கம்பெனி கதவைப் பூட்டியது. ஜூலை 19ஆம் தேதி நள்ளிரவில் தென்னிந்திய ரயில்வே முழுதும் வேலைநிறுத்தம் தொடங்கியது. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் முதலிய தலைவர்கள் கைதாகித் தண்டனை பெற்றார்கள். அந்த மாத இறுதியிலேயே போராட்டம் தோற்றது. பட்டறை பொன்மலைக்குப் போனது. கூடப் போனவர்கள் ரயில்வே குடியிருப்பில் பொன்மலைக்காரர்கள் ஆனார்கள். போகாதவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் தண்டவாளத் துண்டோடு தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு இந்தியாவில் சரித்திரம் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஆலைகள் இருந்தது புதுச்சேரியில். காரைக்காலில் நெல்லும் துறைமுகமும்தான். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முதலியவர்கள் நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக 1937இல் பிரெஞ்சு இந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை உரிமையானது. ஆசியாவிலேயே நாங்கள்தான் முதல் என்று புதுச்சேரிக்காரர்கள் மார்தட்டுவது வழக்கம். ஆக, நாகையில் பரீட்சை வைத்து ஆள் குறைத்து ஒன்பது வருஷத்தில், இருபது கிலோமீட்டர் வடக்கே காரைக்காலில் எட்டு மணி நேரச் சட்டம்! ஆனால் அதை அனுபவிக்க இங்கே பெரிய பட்டறை எதுவும் இல்லை.

அது வந்தது வெகு காலம் கழித்து. சுதந்திர இந்தியாவில் தகடு வளைக்கும் தொழிலுக்குப் பெரிய பள்ளிக்கூடமாக இருந்தது பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை. சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் கூட்டுறவோடு கட்டி, 1955 அக்டோபர் 2இல் நேரு திறந்து வைத்தது. முழுக்க எஃகால் ஆன ரயில் பெட்டி என்றால் சுவர், கூரை, தரைக்கு அடியிலுள்ள நெளிவுத் தகடு எல்லாமே வளைத்த தகடுதான். 1950இல் தொடங்கிய கைத்தொழில் பயிற்சித் திட்டத்தில் ஐ.டி.ஐ.களும் 'ஷீட் மெட்டல்' பிரிவை நடத்தின. காரைக்காலுக்குப் பின்னால் யூனியன் பிரதேச வரிச் சலுகைகளைத் தேடிக் கம்பெனிகள் வந்தன. நரிமணம் எண்ணெய், எரிவாயு, 2000இல் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம், 2009இல் புதிய துறைமுகம் என்று வரிசையாக வர, தொட்டி, குழாய், பானல் பெட்டி வேலை பெருகியது. பெண்டிங் அண்ணன் அந்த அலையில்தான் வெளியூரிலிருந்து ஊர் திரும்பினார்.

இனி அந்தக் காரணம். நான் சேர்ந்து இரண்டாம் வருஷம் எங்கள் கம்பெனிக்குப் புது சி.என்.சி. பெண்டிங் மெஷின் வந்தது. கோணம், நீளம், கனம் எல்லாம் திரையில் கொடுத்தால் ஸ்டாப்பர் தானே நகரும், பஞ்ச் எவ்வளவு இறங்க வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். ஆபரேட்டர் ஐந்து பேரில் இரண்டு பேர் போதும் என்றார் மேலாளர். யார் அந்த இரண்டு பேர் என்பதை முடிவு செய்ய ஒரு பரீட்சை வைக்கச் சொன்னார். கேள்வித்தாள் தயாரித்தவன் நான்.

நல்ல கேள்வித்தாள் என்றே அன்று நினைத்தேன். ஆங்கில வரைபடத்தைப் படிப்பது, வளைவு நீளத்தை வாய்பாட்டில் போடுவது, திரையிலுள்ள மெனுவை இயக்குவது என்று நூறு மார்க்குக்கு. அண்ணன் 31 வாங்கினார். ஐ.டி.ஐ. முடித்த இரண்டு பையன்கள் எழுபதுக்கு மேல். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். மார்க்கைச் சொல்லக் கூப்பிட்டபோது அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்றார். அது வரைக்கும் நான் 'தம்பி'யாக இருந்தேன்.

அவரை லோடிங் பக்கம் மாற்றினார்கள். புது மெஷினில் முதல் வாரம் செய்த பெட்டிகளில் கோணம் ஒன்றரை, இரண்டு பாகை தப்பியது. மெஷின் மேல் குற்றமில்லை. அதற்குள் இருந்தது சுத்தமான தகட்டின் கணக்கு. நமக்குச் சந்தையில் கிடைக்கிற தகடு லாட்டுக்கு லாட் கனமும் மாறும், விறைப்பும் மாறும். என்ன செய்வது என்று விழித்தபோதுதான் பழைய மெஷின் பக்கம் போனேன். இரும்பு வியாபாரியின் லாரிக்காக அதை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். அதன் பக்கவாட்டுச் சட்டத்தில் சாக்பீஸால் முப்பது நாற்பது வரிகள். '2 இரும்பு 16 டை 89'. '1.6 எவர் 12 டை 87½'. சில வரிகளுக்குப் பக்கத்தில் 'சுருள்', 'கட்டு' என்று, தகடு எப்படி வந்தது என்ற குறிப்பு. எந்தப் பொருளுக்கு எந்த டையில் எத்தனை பாகைக்கு வளைத்தால் தொண்ணூறில் வந்து நிற்கும் என்று வருஷக்கணக்காகத் தட்டித் தட்டி எழுதி வைத்த அட்டவணை அது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக சி.என்.சி.யின் நினைவகத்தில் ஏற்றினேன். பெட்டிகள் மூலைமட்டத்தில் சரியாக உட்கார்ந்தன. மேலாளர் என்னைப் பாராட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் கேள்வித்தாளில் அந்த நாற்பது வரிகளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. 1928ஐப் பற்றித் தேடிப் படித்தது அதற்குப் பிறகு.

தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு அவர் நின்றுவிட்டார். நானும் மறு வருஷம் சென்னைக்கு வந்துவிட்டேன். சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது திருநள்ளாறு சாலையில் ஒரு சின்னத் தகரப் பட்டறையில் அவரைப் பார்த்தேன். அதே தண்டவாளத் துண்டு, முன்னால் இரண்டு நெல் டிரம் பாதி வேலையில். "வாங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தார். சாக்பீஸ் கணக்கை நான் எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். "தெரியும் சார், பையனுங்க சொன்னானுங்க. நல்லா வருதாமுல்ல" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். டிரம்முக்கு அடித்தகடு வெட்டிக்கொண்டிருந்தார். கிளம்புகிற வரை ஒரு தடவையாவது 'தம்பி' என்பாரா என்று பார்த்தேன். இல்லை.

வாசல் வரை வந்து ஒன்று கேட்டார். "உங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்புல கையால மடிக்கிற மெஷின் ஒண்ணு கிடக்கும்ல சார், பசங்க தட்டு செய்யிறது? கழிச்சுக் கட்டினா வெலைக்குக் கிடைக்குமா? தண்டவாளத்துல தட்டித் தோள்பட்ட போவுது."

மறுசந்திப்பு நாளன்று பழைய ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டுவார்கள் என்று மலர்க்குழு சொல்கிறது. அந்த மெஷின் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழித்த சாமான்களை எப்போது ஏலம் விடுகிறார்கள் என்பது தெரிந்த நண்பர்கள் என்னிடம் சொன்னால், முன்பணத்தோடு நான் வந்து நிற்பேன்.